பாட்டில் மேல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான்: 'டிக்கி பார்' உலகத்தை உருவாக்கிய டான் பீச் யார்?

ஒரு ஆளுக்கு ரெண்டு கிளாஸ்தான். மூணாவது கேட்டா கிடைக்காது. கேட்பவர் எவ்வளவு பெரிய ஹாலிவுட் நட்சத்திரமாக இருந்தாலும் அதே பதில்தான்.

1930களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹாலிவுட் பகுதியில் 'டான் தி பீச்கோம்பர்' என்ற பாரில் இருந்த விதி இது. அந்த காக்டெய்லின் பெயர் 'ஜாம்பி'. அதைக் கண்டுபிடித்தவர் டான் பீச். இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், துபாய் என உலகம் முழுக்க இருக்கும் 'டிக்கி பார்'களுக்கு மூலவர் இவர்தான்.

ஆனா இவர் கதையில் ஒரு விசித்திரம் இருக்கு. தன் காக்டெய்ல்களின் ரகசியத்தைத் தன்னிடம் வேலை பார்த்தவர்களிடமிருந்தே மறைத்து வைத்தார். அந்த ரகசியம் ரொம்ப நல்லா காப்பாற்றப்பட்டதால், அவர் இறந்தபோது அசல் ஜாம்பியில் என்ன இருந்தது என்று சரியாகச் சொல்லக்கூடியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் விடை கிடைத்தது ஒரு சர்வரின் சட்டைப்பை நோட்டில்!

யார் இந்த டான் பீச்? அப்படி என்னதான் கலக்கினார்? விரிவாகப் பார்க்கலாம்.

டிக்கி பார் என்றால் என்ன?

டிக்கி என்றதும் கார் டிக்கி ஞாபகம் வரலாம். இது வேற. பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கப்படும் மனித உருவங்களுக்கு 'டிக்கி' என்று பெயர். நியூசிலாந்தின் மவோரி மக்களின் மரபில், முதல் மனிதனின் பெயராகவும் இது வருகிறது.

அந்தச் சிலைகளை வாசலிலும் உள்ளேயும் வைத்து, தீவுச் சூழலைப் போல செட் போட்ட மதுக்கூடம்தான் டிக்கி பார். உள்ளே போனால் பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. வெளியே கொளுத்தும் வெயிலாக இருந்தாலும் உள்ளே எப்போதும் அந்தி நேரம்தான். மூங்கில் சுவர், ஓலைக் கூரை, மீன்பிடி வலை, அதில் தொங்கும் கண்ணாடி மிதவைகள், மங்கலான விளக்குகள். மேஜைக்கு வருவதோ சிலை வடிவ மண் குவளையிலோ, அன்னாசியைக் குடைந்த கிண்ணத்திலோ, நொறுக்கிய ஐஸ் நிரம்பிய ஒரு ரம் காக்டெய்ல். மேலே புதினா, பழத்துண்டு, சில நேரம் ஒரு சின்ன காகிதக் குடை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பசிபிக் தீவுகளில் இப்படி ஒரு பார் இருந்ததே இல்லை. ரம் வந்தது கரீபியத் தீவுகளிலிருந்து. சாப்பாடு பெரும்பாலும் சீனாவின் கான்டன் வகைச் சமையல். அலங்காரம் மட்டும் பசிபிக். கலக்கிக் கொடுத்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். கடை இருந்ததோ ஹாலிவுட்டில். இத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தவர்தான் டான் பீச்.

எர்னஸ்ட் கான்ட், டான் பீச் ஆனது எப்படி?

அவருடைய இயற்பெயர் எர்னஸ்ட் ரேமண்ட் பியூமான்ட் கான்ட். பிறந்தது 1907 பிப்ரவரி 22. எந்த ஊரில் பிறந்தார் என்பதிலேயே ரெண்டு கதை உண்டு. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் என்று அவர் சொல்லிக்கொண்டார். அரசு மக்கள்தொகைப் பதிவுகளோ டெக்சாஸைக் காட்டுகின்றன. பிறப்பிலிருந்தே கதை கட்டுவதில் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருபது வயதை ஒட்டி வீட்டை விட்டுக் கிளம்பியவர் கரீபியன், தென் பசிபிக் என்று சுற்றினார். அந்தப் பயணத்தில் அவருக்கு ரெண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, ஜமைக்கா போன்ற தீவுகளில் ரம்மை எப்படிக் கலந்து குடிக்கிறார்கள் என்ற அறிவு. இன்னொன்று, போன இடத்தில் எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த மரச் சிற்பம், வலை, சிப்பி, படகுத் துண்டு போன்ற பொருட்கள்.

1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட் வந்து சேர்ந்தார். அது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். கைக்குக் கிடைத்த வேலையைச் செய்தார். தென் கடல் தீவுகளைப் பற்றி ஹாலிவுட் படம் எடுத்தால், இவர் வைத்திருந்த பொருட்களை செட்டுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அந்தத் தீவுகளைப் பற்றி இவரிடம் ஆலோசனையும் கேட்டார்கள். நிஜத் தீவைப் பார்த்தவர், சினிமாவுக்குத் தீவு செட் போடுவதையும் பார்த்துவிட்டார். அடுத்து அவர் திறந்த பாரில் இந்த ரெண்டு அனுபவமும் கலந்திருந்தது.

மதுவிலக்கு முடிந்தது, கடை திறந்தது

அமெரிக்காவில் 1920 முதல் நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. 1933 டிசம்பர் 5-ம் தேதி அது முடிவுக்கு வந்தது. அந்தக் கையோடு, ஹாலிவுட் புல்வார்டை ஒட்டிய மெக்காடன் பிளேஸ் என்ற தெருவில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்தார் கான்ட். கடையின் பெயர் 'டான்ஸ் பீச்கோம்பர்'.

பீச்கோம்பர் என்றால் கடற்கரையில் ஒதுங்கும் பொருட்களைப் பொறுக்கி வாழ்பவர் என்று அர்த்தம். கடையின் அலங்காரமும் அப்படியே இருந்தது. கரை ஒதுங்கிய மரக்கட்டை, பழைய வலை, உடைந்த படகுகளின் பாகம். செலவு கம்மி. பார்ப்பவர்களுக்கோ வேறு உலகம்.

அவரிடம் இன்னொரு தந்திரமும் இருந்தது. கூட்டம் கலையும் நேரத்தில், தகரக் கூரை மேல் ஹோஸ் பைப் வைத்துத் தண்ணீர் அடிக்க வைப்பாராம். சடசடவென சத்தம் கேட்கும். வெளியே மழை பெய்யுது போல என்று நினைத்து, கிளம்ப எழுந்தவர் திரும்ப உட்கார்ந்து இன்னொரு ரவுண்டு சொல்லுவார். மழையே அபூர்வமான லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த வித்தை எடுபட்டது!

சார்லி சாப்ளின், மார்லின் டீட்ரிச், கிளார்க் கேபிள் என்று நட்சத்திரங்கள் வர ஆரம்பித்தார்கள். 1937-ல் அதே தெருவில் எதிர்ப்பக்கம் பெரிய இடத்துக்கு மாறி, உணவகமாகவும் விரிவடைந்தது. பெயரும் 'டான் தி பீச்கோம்பர்' ஆனது. கடை பிரபலமாக ஆக, கான்ட் தன் பெயரையே சட்டப்படி மாற்றிக்கொண்டார். ஒரு தடவை இல்லை, சில தடவை மாற்றி, கடைசியாக நின்ற பெயர்தான் டான் பீச்.

எல்லாம் சரி, ஏன் ரம்?

காரணம் ரொம்ப சிம்பிள். விலை!

அமெரிக்க விஸ்கி மரப் பீப்பாயில் பல வருஷம் ஊற வேண்டிய சரக்கு. 13 வருஷம் மதுவிலக்கு இருந்ததால், நன்றாக ஊறிய விஸ்கிக்குத் தட்டுப்பாடு. ஆனா கரீபியத் தீவுகளில் மதுவிலக்கு கிடையாது. கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் ரம், அங்கே பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிக் கிடந்தது. அமெரிக்காவில் அதை மாலுமிகள் குடிக்கும் மட்டச் சரக்காகத்தான் பார்த்தார்கள். அந்த மலிவுச் சரக்கை வைத்து உயர்தரமான ஒன்றைச் செய்ய முடியும் என்று டான் கணக்குப் போட்டார்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை, ஜமைக்காவின் பழைய 'பிளான்டர்ஸ் பஞ்ச்'. பஞ்ச் என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது, ஐந்து என்று பொருள்படும் 'பஞ்ச' என்பதிலிருந்து வந்தது என்ற கருத்து பரவலாக உண்டு. சாராயம், இனிப்பு, புளிப்பு, தண்ணீர், மசாலா என ஐந்து. நம்ம பஞ்சாமிர்தத்தில் இருக்கும் அதே பஞ்ச!

டான் செய்த புதுமை, இந்த ஒவ்வொன்றையும் பல துண்டாகப் பிரித்ததுதான். ஒரே ரம்முக்குப் பதில் ரெண்டு, மூணு நாட்டு ரம். புளிப்புக்கு எலுமிச்சையோடு பம்ப்ளிமாஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட். இனிப்புக்கு சர்க்கரைப் பாகோடு தேன். வாசனைக்குப் பட்டை, கிராம்பு, சோம்பு மணம். தண்ணீருக்குப் பதில் நொறுக்கிய ஐஸ். எல்லாவற்றையும் எலெக்ட்ரிக் மிக்சரில் சில நொடி மட்டும் சுற்றி எடுப்பார்கள். அதிகம் சுற்றினால் ஐஸ் கரைந்து நீர்த்துவிடும். குறைத்தால் குளிர்ச்சி ஏறாது. நொடிக் கணக்கு அவ்வளவு முக்கியம்.

ஜாம்பியில் அப்படி என்ன இருக்கு?

1934-ஐ ஒட்டிப் பிறந்தது ஜாம்பி. ஹேங்ஓவரில் தலையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளருக்காக டான் அவசரமாகக் கலந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுப் போனவர், நடைப்பிணமாகவே ஆகிவிட்டதாகப் பின்னால் வந்து புகார் சொன்னார். அதனால்தான் இந்தப் பெயர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

கதை எப்படியோ, கணக்கைப் பார்க்கலாம். பழைய குறிப்பின்படி ஒரு ஜாம்பியில் மூணு வகை ரம். போர்ட்டோ ரிக்கோ ரம் ஒன்றரை அவுன்ஸ், ஜமைக்கா ரம் ஒன்றரை அவுன்ஸ், கூடவே டெமராரா ரம் ஒரு அவுன்ஸ். இந்தக் கடைசி ரம் சாதாரணமானது இல்லை. அதில் ஆல்கஹால் 75 சதவீதத்துக்கும் மேல். மூன்றையும் கூட்டினால் சுமார் 120 மில்லி.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஒரே ஒரு ஜாம்பியில் இருக்கும் ஆல்கஹால், ஒரு குவார்ட்டரில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. ரெண்டு குடித்தால் ஒன்றரை குவார்ட்டர். ஆனா குடிப்பவருக்கு அது தெரியாது. எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட், மாதுளைப் பாகு, பட்டை வாசம் எல்லாம் சேர்ந்து ஜூஸ் குடிப்பது போலவே இருக்கும். ரெண்டோடு நிறுத்தியதற்கு இதுதான் காரணம். கூடவே, இந்தத் தடையே நல்ல விளம்பரமாகவும் ஆகிவிட்டது என்பது வேற விஷயம்.

அந்த டெமராரா ரம்முக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. டெமராரா என்பது தென் அமெரிக்காவின் கயானாவில் ஓடும் ஆறு. அங்கே பிரிட்டிஷ் கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள். ஆனா சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் அதில் இருந்தார்கள். ஹாலிவுட்டில் ஒருவர் உறிஞ்சிய அந்த ஒரு அவுன்ஸ் ரம்முக்குப் பின்னால் அவர்கள் வெட்டிய கரும்பும் இருந்தது.

பாட்டிலில் பெயருக்குப் பதில் நம்பர் ஏன்?

கடை கல்லா கட்டியதும், அடுத்தவர்கள் காப்பியடிக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் பல ஊர்களிலும் தீவு பாணி பார்கள் முளைத்தன. 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் வேறொருவர் ஜாம்பி என்ற பெயரிலேயே காக்டெய்ல் விற்றார்.

சட்டத்துக்குப் போக முடியாதா? முடியாது. சமையல் குறிப்பில் இருக்கும் பொருட்களின் பட்டியலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் கலக்கலாம், விற்கலாம். அதனால் போட்டிக் கடைக்காரர்கள் சுருக்குவழி ஒன்றைப் பிடித்தார்கள். டானின் பார்டெண்டர்களுக்கு அதிகச் சம்பளம் கொடுத்து இழுப்பது. ஆள் வந்தால் ரெசிப்பியும் கூடவே வரும், இல்லையா?

இங்கதான் டான் உஷாரானார். ரம்மைத் தவிர, முக்கியமான பாகு, வாசனைக் கலவைகளை அவரே முன்கூட்டித் தயார் செய்து பாட்டிலில் அடைத்துவிடுவார். லேபிளில் பொருளின் பெயர் இருக்காது. 'டான்ஸ் மிக்ஸ்', 'ஸ்பைசஸ் நம்பர் 2', 'ஸ்பைசஸ் நம்பர் 4' என்றுதான் இருக்கும். எந்த பாட்டிலிலிருந்து எத்தனை சொட்டு என்பது பார்டெண்டருக்குத் தெரியும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. வேலையை விட்டுப் போனாலும் அவர் கையோடு போவது வெறும் நம்பர்தான்.

முதலாளி பக்கமிருந்து பார்த்தால் சாமர்த்தியம். தொழிலாளி பக்கமிருந்து பார்த்தால்? அந்த பார்டெண்டர்களில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இளைஞர்கள். அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் காலனி. ஜாம்பி பிறந்த அதே 1934-ல் வந்த ஒரு சட்டம், பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே குடியேறலாம் என்று கதவைச் சாத்தியது. ஏற்கெனவே வந்திருந்தவர்களுக்கு நல்ல வேலைகள் கிடைப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர்கள்தான் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று, ராத்திரி முழுக்கத் துளி பிசகாமல் கலக்கிக் கொடுத்தார்கள். மெனு கார்டில் இருந்தது டானின் பெயர் மட்டும்தான்.

கடையை வளர்த்தவர் இன்னொருவர்

கோரா ஐரீன் சண்ட். எல்லோரும் கூப்பிட்டது சன்னி என்று. டானும் இவரும் 1937-ல் திருமணம் செய்துகொண்டார்கள். டானுக்குக் கற்பனை அதிகம், கணக்கு வழக்கில் ஆர்வம் கம்மி. சன்னி நேர்மாறு. வியாபாரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து நடத்தியவர் அவர்தான். 1940-ல் ரெண்டு பேரும் விவாகரத்து செய்தார்கள். ஆனா தொழில் தொடர்ந்தது. அதே ஆண்டு சிகாகோவிலும் கிளை திறந்தது.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்தார் டான். அவர் போன கப்பல் தாக்குதலில் சிக்கி, காயமடைந்தார். குணமானதும், ஜெனரல் ஜிம்மி டூலிட்டிலின் உத்தரவில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவருக்கென்றே செய்தது போல இருந்தது. போரில் களைத்த விமானப்படையினருக்கு ஓய்வு விடுதிகள் அமைப்பது. இத்தாலியின் காப்ரி, வெனிஸ், பிரான்ஸின் நீஸ், கான் என்று கடற்கரை ஊர்களில் அவற்றை நடத்தினார். பர்ப்பிள் ஹார்ட், பிரான்ஸ் ஸ்டார் ஆகிய ராணுவ விருதுகளும் கிடைத்தன.

அவர் இல்லாத நேரத்தில் சன்னி தொழிலைப் பெரிதாக வளர்த்திருந்தார். 'டான் தி பீச்கோம்பர்' பின்னாளில் 16 கிளைகள் வரை போனது. ஆனா அமெரிக்க நிலப்பரப்பில் அந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமை சன்னியிடம் இருந்தது. அதாவது, தன் பெயரையே கடைப் பெயருக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட மனிதர், அந்தப் பெயரில் சொந்த ஊரில் கடை திறக்க முடியாது!

அப்போது ஹவாய் அமெரிக்காவின் மாநிலமாக ஆகவில்லை. அது 1959-ல்தான் நடந்தது. ஆக, ஹவாயில் அந்தத் தடை செல்லாது. டான் அங்கே கிளம்பினார்.

மாய் டாய் யாருடையது?

டிக்கி உலகில் இன்றும் தீராத பஞ்சாயத்து இது. இதில் எதிர்த்தரப்பு விக்டர் பெர்ஜெரான், 'டிரேடர் விக்' என்றால் எல்லோருக்கும் தெரியும். சிறு வயதில் நோயால் ஒரு காலை இழந்தவர். 1934-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்தில் 'ஹிங்கி டிங்ஸ்' என்று ஒரு சின்ன பார் திறந்தார். சில ஆண்டுகளில் டானின் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பியதும் தன் கடையையும் தீவாக மாற்றினார். அதுதான் 'டிரேடர் விக்ஸ்'.

1944-ல் 17 வருஷம் ஊறிய ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மதுரசம், பாதாம் பாகு ஆகியவற்றைக் கலந்து விக் உருவாக்கியதாகச் சொல்வது 'மாய் டாய்'. டஹிட்டித் தீவு மொழியில் நல்லது என்ற பொருள் தரும் சொல் இது. அது தன் பழைய 'கியூ.பி. கூலர்' காக்டெய்லின் சாயல் என்பது டான் தரப்பின் வாதம். ரெண்டிலும் உள்ள பொருட்களை எழுதி வைத்துப் பார்த்தால் பெரிய ஒற்றுமை தெரியாது. சுவையில் ஒற்றுமை உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். எப்படியோ, இந்த பாணிக்கே முன்னோடி டான்தான் என்பதை விக் பின்னாளில் மறுக்கவில்லை.

ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. விக் தன் காக்டெய்ல் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டு விற்றார். டான் பூட்டி வைத்தார்.

பொய் மழையும் நிஜப் புயலும்

ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் டான் மறுபடி தொடங்கினார். போருக்குப் பிறகு விமானப் பயணம் வளர, சுற்றுலாக் கூட்டம் குவிந்தது. பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களின் நினைவுகளும் சேர்ந்து, 1950களில் அமெரிக்கா முழுக்க டிக்கி மோகம் பரவியது. செதுக்கிய சிலைகள் வாசலுக்கு வந்ததும் 'டிக்கி' என்ற பெயர் நிலைத்ததும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

1950களின் பிற்பகுதியில் வைக்கிக்கியில் 'இன்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ்' என்ற சந்தை வளாகம் உருவானதில் டானுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒரு பிரம்மாண்ட ஆலமரம். அதன் மேலே மரவீடு கட்டி, அதையே தன் ஆபீஸாக வைத்துக்கொண்டார். அந்த ஆலமரம் இன்றும் நிற்கிறது.

பின்னாளில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. தண்ணீரில் மிதக்கும் வீடு. 'மராமா' என்று பெயர் வைத்து ஒன்றைக் கட்டி, டஹிட்டிக்குப் பக்கத்தில் உள்ள மூரியா தீவுக்குப் போனார். நிஜத் தென் பசிபிக். ஆனா அடுத்தடுத்து அடித்த புயல்களில் அந்த வீடு நாசமானது. தகரக் கூரையில் ஹோஸ் பைப் வைத்து மழை பெய்ய வைத்த மனிதரின் வீட்டை, நிஜப் புயல் அடித்துக்கொண்டு போனது. ஹவாய்க்கே திரும்பினார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1970களில் வளர்ந்த தலைமுறைக்கு டிக்கி பார் என்றால் அப்பா அம்மா காலத்து பழசு. பல கடைகள் புதுப் பழச்சாறை விட்டுவிட்டு, பாக்கெட் பொடியைக் கரைத்து இனிப்புத் தண்ணீராகக் கொடுத்தன. 1985-ல் ஹாலிவுட்டின் 'டான் தி பீச்கோம்பர்' மூடப்பட்டது. 1989-ல், நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலை வாங்கியிருந்த டொனால்டு ட்ரம்ப், அங்கிருந்த 'டிரேடர் விக்ஸ்' இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஆமா, அதே ட்ரம்ப்தான்.

அந்த 1989 ஜூன் 7-ம் தேதி ஹொனலுலுவில் டான் பீச் காலமானார்.

சட்டைப்பையில் இருந்த விடை

டான் போய்விட்டார். கடைகளும் போய்விட்டன. ஜாம்பி என்ற பெயரில் ஊருக்கு ஊர் ஏதேதோ விற்றார்கள். அசல் எது?

ஜெஃப் பெர்ரி என்ற எழுத்தாளர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். டானிடம் வேலை பார்த்தவர்களையும் அவர்களின் குடும்பங்களையும் தேடிப் போய்ப் பேசினார். அப்படிக் கிடைத்ததுதான் டிக் சான்டியாகோ என்பவரின் நோட்டு. 1937 முதல் டானின் கடையில் வேலை பார்த்து தலைமை சர்வர் ஆனவர் அவர். சட்டைப்பையில் வைத்திருந்த அந்தச் சின்ன நோட்டில் பழைய குறிப்புகள் இருந்தன. ஜாம்பியும் இருந்தது.

ஆனா மறுபடியும் அதே பிரச்சனை. நோட்டிலும் 'டான்ஸ் மிக்ஸ்' என்றுதான் இருந்தது! அதை அவிழ்த்தால், கிரேப்ஃப்ரூட் சாறும் 'ஸ்பைசஸ் நம்பர் 4'-ம் என்று தெரிந்தது. சரி, அந்த நம்பர் 4 என்ன? இன்னும் பல வயதான பார்டெண்டர்களை விசாரித்த பிறகுதான் கடைசி முடிச்சு அவிழ்ந்தது.

விடை: பட்டைப் பாகு. ஆம், நம்ம பிரியாணியில் போடும் பட்டை. அவ்வளவுதான் ரகசியம்!

இதையெல்லாம் 2007-ல் வெளியான 'சிப்பின் சஃபாரி' என்ற புத்தகத்தில் பெர்ரி எழுதினார். பார் உலகமே திரும்பிப் பார்த்தது. எந்தத் தொழிலாளர்களிடமிருந்து டான் ரகசியத்தை மறைத்தாரோ, அவர்கள் எழுதி வைத்ததும் நினைவில் வைத்திருந்ததும்தான் டானின் பெயரை மீட்டுக் கொடுத்தது. அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், டான் பீச் இன்று பழைய ஹாலிவுட் கிசுகிசுவில் ஒரு வரியாக நின்றிருப்பார்.

இந்த சொர்க்கம் யாருடையது?

டிக்கி பார் திரும்ப வந்ததும், பழைய கேள்வி ஒன்றும் கூடவே வந்தது.

ஹவாய் ஒரு காலத்தில் தனி அரசு. 1893-ல் அதன் ராணி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டு, 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளை இணைத்துக்கொண்டது. டிக்கி மோகம் உச்சத்துக்கு ஏறிய அதே காலத்தில், 1946 முதல் 1958 வரை பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனைகள் நடத்தியது. அங்கே வாழ்ந்த மக்கள் ஊரை விட்டு அனுப்பப்பட்டார்கள். பார்களில் இருந்த தீவுக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

எங்கள் முன்னோரையும் தெய்வங்களையும் குறிக்கும் உருவத்தைச் சரக்கு ஊற்றும் குவளையாக்கலாமா என்று பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். நம்ம சாமி உருவத்தை வேறு நாட்டில் பீர் பாட்டிலிலோ செருப்பிலோ பார்க்கும்போது நமக்கு வரும் கோபத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும். இதனால் சில பார்கள் சிலைக் குவளைகளை ஓரம் கட்டிவிட்டு, டிக்கி என்ற சொல்லையும் விட்டு, 'டிராபிகல் பார்' என்று மாறியிருக்கின்றன. கலவை அதே, பெயரும் அலங்காரமும் வேறு.

இன்று எங்கே இருக்கு?

சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஹோட்டலில் 'டோங்கா ரூம்'. முன்பு நீச்சல் குளமாக இருந்த இடம், 1945-ல் பார் ஆனது. குளத்தில் மிதக்கும் படகில் பாட்டுக் கச்சேரி நடக்கும், நடுநடுவே இடி, மின்னலோடு செயற்கை மழை பெய்யும். டானின் ஹோஸ் பைப் வித்தையின் பெரிய பட்ஜெட் வடிவம்!

புளோரிடா மாநிலத்தில் 'மாய் காய்'. 1956 டிசம்பரில் திறந்தது. அங்கே காக்டெய்ல்களை வடிவமைத்தவர் மரியானோ லிகுடின். டானின் சிகாகோ கிளையில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர். 2020-ல் மழையில் கூரை சேதமாகி மூடப்பட்ட இந்த இடம், 2024-ல் திரும்பத் திறந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஜெஃப் பெர்ரியே 2014-ல் 'லாட்டிட்யூட் 29' என்று ஒரு பார் தொடங்கினார்.

கடைசியாக, லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் புல்வார்டில் 'டிக்கி டி'. கவுண்டரில் ஒரு டஜன் ஸ்டூல், சில மேஜை, அவ்வளவுதான் கடை. 1961-ல் இதைத் திறந்தவர் ரே பியூஹன். டானின் முதல் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற அதே பிலிப்பைன்ஸ் இளைஞர்களில் ஒருவர். மற்றவர் கடைகளில் ஏறக்குறைய முப்பது வருஷம் கலக்கிக் கொடுத்த பிறகு, சொந்தக் கவுண்டர். அவருக்குப் பின் மகனும் பேரனும் அதை நடத்தினார்கள்.

டான் பீச்சின் 16 கிளைகளில் ஒன்றுகூட அவர் காலத்திலிருந்து இன்றுவரை தொடர்ந்து நடக்கவில்லை. அவரிடம் நம்பர் போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தவரின் சின்னக் கடை அறுபது வருஷம் தாண்டி நிற்கிறது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரை வரலாற்றுத் தகவலுக்காக மட்டுமே.)